ரோலை நீக்கிய பிறகும் அணுகல் மிஞ்சுவது ஏன்? பயனர் ரோலை முழுதாகத் திரும்பப் பெறும் முறை

"இந்தப் பயனரிடமிருந்து அட்மின் ரோலை எடுத்துவிடவும்" என்று ஒரு டிக்கெட் (பணிக் கோரிக்கை) வருகிறது. ரோல் என்பது ஒருவருக்குக் கொடுக்கும் அனுமதிகளின் தொகுப்பு. கன்சோலைத் திறந்து, பெயரைத் தேடி, ரோலுக்கு எதிரே இருக்கும் நீக்கு பொத்தானை அழுத்தி, டிக்கெட்டை மூடிவிடலாம். ஒரு நிமிட வேலைதான். ஆனால் அதற்குப் பின்னும் சில மணி நேரம் அந்தப் பயனர் அதே அட்மின் வேலைகளைச் செய்துகொண்டிருக்க முடியும். பல அமைப்புகளில் இது கோளாறே இல்லை, வடிவமைப்பே அப்படித்தான். இன்னும் சில இடங்களில் எடுத்த ரோல் மறுநாள் காலை தானாகவே திரும்பி வந்து உட்கார்ந்திருக்கும்.

பட்டியலிலிருந்து பெயரை எடுப்பது ஒரு வேலை. உள்நுழைந்தபோது ஏற்கெனவே கையில் கொடுத்துவிட்ட டோக்கனை, அதாவது டிஜிட்டல் சீட்டை, செல்லாததாக்குவது இன்னொரு வேலை. அந்த ரோல் இருந்த காலத்தில் அவர் உருவாக்கிய சாவிகளைத் தேடிப் பிடிப்பது மூன்றாவது. கன்சோலின் நீக்கு பொத்தான் முதலாவதை மட்டும்தான் செய்கிறது. இந்த மூன்றையும் எந்த வரிசையில் செய்வது, எங்கே சறுக்கும் என்பதை உள்நுழைவை நிர்வகிக்கும் கீகுளோக், மைக்ரோசாஃப்ட் என்ட்ரா ஐடி, கிளவுட் தளங்களான அமேசான் வெப் சர்வீசஸ், கூகுள் கிளவுட் ஆகிய நான்கையும் வைத்துப் பார்க்கலாம். வேறு அமைப்பு வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான். மெனுக்களின் பெயர்தான் மாறும்.

எதற்காக எடுக்கிறோம்?

டிக்கெட்டில் முதலில் பார்க்க வேண்டியது காரணம். வேலை வரிசையே அதைப் பொறுத்துத்தான் அமையும்.

ஒருவர் வேறு பிரிவுக்கு மாறுகிறார் என்றால் அவசரமில்லை. புதிய ரோலை முதலில் கொடுத்து, அது வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒப்புக்கொண்ட நேரத்தில் பழையதை எடுங்கள். வேலையை விட்டுப் போகிறார் என்றால் ரோலை ஒவ்வொன்றாக எடுப்பது இரண்டாம்பட்சம். முதலில் உள்நுழைவைத் தடுத்து, செஷன்களை (ஏற்கெனவே உள்நுழைந்து நடப்பில் உள்ளவற்றை) துண்டித்துவிட்டு, பிறகு ரோல்களை நிதானமாகக் களையலாம். கணக்கு வேறு யார் கையிலோ சிக்கியிருக்கிறது என்று சந்தேகமிருந்தால் உள்நுழைவுத் தடை, செஷன் துண்டிப்பு, சாவிகள் முடக்கம் மூன்றும் சில நிமிடங்களுக்குள் நடக்க வேண்டும். யாரிடமும் முன்கூட்டிச் சொல்லவும் கூடாது. அந்த நிலையில் எதையும் அழிக்காதீர்கள், முடக்க மட்டும் செய்யுங்கள். அழித்துவிட்டால் பிறகு விசாரணைக்குத் தடயம் இருக்காது.

அடுத்தது, சரியான ஆள்தானா என்பது. ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பது, ஒரே ஆளுக்குச் சாதாரணக் கணக்கு ஒன்றும் அட்மின் கணக்கு ஒன்றும் இருப்பது, மின்னஞ்சல் முகவரி மாறியிருப்பது எல்லாம் சகஜம். காட்சிப் பெயரை நம்பாமல் கணக்கின் நிலையான அடையாள எண்ணை டிக்கெட்டில் எழுதிக்கொண்டு, அதை வைத்தே எல்லாத் திரைகளிலும் தேடுங்கள். டிக்கெட்டைப் போட்டவருக்கு அந்த ரோலை எடுக்கச் சொல்லும் அதிகாரம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஒருவரை வெளியே தள்ள வேண்டுமென்று போலியாக வரும் கோரிக்கைகளும் உண்டு.

ரோல் எந்த வழியாக வந்தது?

வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது. ஒரு பயனரிடம் ஒரு ரோல் தெரிகிறது என்றால், அது நேரடியாகக் கொடுத்ததாக இருக்கலாம். ஒரு குழுவில் இருப்பதால் வந்திருக்கலாம். அந்தக் குழு இன்னொரு குழுவுக்குள் இருப்பதால் வந்திருக்கலாம். வேறொரு கூட்டு ரோலின் பகுதியாக வந்திருக்கலாம். மேல்மட்டத்தில் கொடுத்தது கீழே இறங்கி வந்திருக்கலாம். ஒரே ரோல் இரண்டு மூன்று வழிகளில் வந்திருப்பதும் நடக்கும். ஒரு வழியை மட்டும் அடைத்தால் பயனருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆகவே நீக்கு பொத்தானைத் தொடும் முன் எல்லா வழிகளையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கீகுளோக்கில் பயனரைத் திறந்து ரோல் மேப்பிங் தாவலுக்குப் போனால், மரபாக வந்த ரோல்களை மறைக்கும் டிக் ஒன்று இருக்கும். அது போட்டிருந்தால் நேரடி ரோல்கள் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். "இவருக்கு அந்த ரோலே இல்லையே" என்று டிக்கெட்டைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் இதனால்தான். டிக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள். மரபாக வந்தவற்றை அந்தத் திரையில் நீக்க முடியாது. குழுக்கள் தாவலுக்குப் போய்க் குழுவிலிருந்து வெளியேற்ற வேண்டும், அல்லது அந்த ரோலை உள்ளடக்கிய கூட்டு ரோலை எடுக்க வேண்டும். எல்லாப் பயனர்களுக்கும் இயல்பாகக் கிடைக்கும் டிஃபால்ட் ரோலுக்குள்ளேயே யாராவது அதைச் சேர்த்திருந்தால், அது ஒருவருடைய பிரச்சினை இல்லை, அந்த ரெல்ம் (கீகுளோக்கின் தனிப் பயனர் தொகுதி) முழுவதற்குமான பிரச்சினை. அதையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.

கூகுள் கிளவுடில் அனுமதிகள் நிறுவனம், ஃபோல்டர், புராஜெக்ட், வளம் என்று மேலிருந்து கீழே இறங்கும். ஃபோல்டரில் கொடுத்த ரோலை புராஜெக்ட் மட்டத்தில் எடுக்க முடியாது. புராஜெக்டின் ஐஏஎம் (அணுகல் மேலாண்மை) பக்கத்தில் பெயர் தெரியும், எந்த மட்டத்திலிருந்து வந்தது என்பதும் மரபு நெடுவரிசையில் தெரியும். நீக்க வேண்டுமானால் அந்த மட்டத்துக்கே போக வேண்டும். மேல் மட்டத்தைத் தொட உங்களுக்கு அதிகாரம் இல்லையென்றால், மறுப்புக் கொள்கை (அனுமதியை வெட்டும் விதி) ஒன்றைப் போட்டுத் தற்காலிகமாகத் தடுக்கச் சொல்லி நிறுவன அட்மினிடம் கேட்கலாம்.

என்ட்ரா ஐடியில் கவனம் தப்புகிற இடங்கள் மூன்று. முதலாவது, சிறப்பு அணுகல் மேலாண்மை (பிஐஎம்) வசதியைப் பயன்படுத்தும் இடங்களில் ஒருவருக்கு ரோல் இப்போது செயலில் இல்லாமல், "தகுதியுள்ளவர்" என்ற நிலையில் மட்டும் இருக்கும். செயலில் உள்ளவை என்ற தாவலை மட்டும் பார்த்துவிட்டுப் போனால், அவர் அடுத்த நிமிடமே ரோலைத் தானே செயல்படுத்திக்கொள்ளலாம். இரண்டு தாவலையும் பாருங்கள். இரண்டாவது, என்ட்ரா ரோல்களும் மைக்ரோசாஃப்ட்டின் கிளவுடான அஷூரின் வளங்களுக்கான ரோல்களும் வெவ்வேறு அமைப்புகள். ஒரு அஷூர் சந்தாவின் (சப்ஸ்கிரிப்ஷன்) உரிமையாளர் ரோல் என்ட்ராவின் ரோல் பட்டியலில் தெரியவே தெரியாது. மூன்றாவது, குளோபல் அட்மினாக (என்ட்ராவின் உச்ச அட்மின்) இருந்தவர் அஷூரின் வேர் மட்டம் வரை தன் அணுகலை உயர்த்திக்கொள்ளும் சுவிட்ச் ஒன்று உண்டு. அதைப் போட்டிருந்தால், அனைத்துச் சந்தாக்களுக்கும் பயனர் அணுகல் நிர்வாகி என்ற ரோல் அவருக்கு வேர் மட்டத்தில் எழுதப்படும். குளோபல் அட்மின் ரோலை எடுத்தாலும் அது அங்கேயே இருக்கும். அதைத் தனியாக நீக்க வேண்டும்.

அமேசானில் பயனர் மேல் நேரடியாக ஒட்டிய கொள்கை, உள்ளேயே எழுதிய இன்லைன் கொள்கை, குழு வழியாக வந்தது ஆகிய மூன்றும் பயனர் பக்கத்தில் தெரிந்துவிடும். தெரியாதவைதான் ஆபத்து. எஸ்3 என்ற கோப்புச் சேமிப்புச் சேவையின் ஒரு பக்கெட்டின் கொள்கையில் அவர் பெயர் நேரடியாக இருக்கலாம். வேறு ஒரு கணக்கில் உள்ள ரோலின் நம்பிக்கைக் கொள்கையில் (அந்த ரோலை யார் ஏற்கலாம் என்ற விதி) அவர் பெயர் இருக்கலாம். இவை அந்தந்த வளத்திலும் ரோலிலும் போய்ப் பார்த்தால்தான் அகப்படும்.

எடுத்தது திரும்பி வராமல்

ரோல் எங்கிருந்து வந்தது என்பதோடு, அதை எது மறுபடியும் எழுதும் என்பதையும் பார்க்க வேண்டும். இதை விட்டவர்கள் அதே டிக்கெட்டை இரண்டாம் முறை பார்ப்பார்கள்.

கீகுளோக்கில் வெளி அடையாள வழங்குநரோடு (உள்நுழைவைச் சரிபார்த்துத் தரும் வேறு அமைப்பு) இணைத்து, அதன் தகவலை ரோலாக மாற்றும் மேப்பரில் ஒத்திசைவு முறையை ஃபோர்ஸ் என்று வைத்திருந்தால், ஒவ்வொரு உள்நுழைவின்போதும் வெளியிலிருந்து வரும் தகவலின்படி ரோல் மீண்டும் எழுதப்படும். நீங்கள் கையால் நீக்கியது அடுத்த உள்நுழைவு வரைதான் நிற்கும். நீக்க வேண்டியது வெளி வழங்குநரில் உள்ள குழுவிலிருந்து. என்ட்ராவில் டைனமிக் குழுக்களும் அப்படித்தான்: பிரிவு, பதவி போன்ற விதியின்படி உறுப்பினர் சேர்கிறார் என்பதால் கையால் வெளியேற்றவே முடியாது, பயனரின் விவரத்தையோ விதியையோ மாற்ற வேண்டும். நிறுவனத்தின் உள்ளகப் பயனர் பட்டியலான ஆக்டிவ் டைரக்டரியிலிருந்து ஒத்திசைந்து வரும் குழுவானால், மாற்றத்தை அங்கேதான் செய்ய வேண்டும். என்ட்ரா கனெக்ட்டின் இயல்பான ஒத்திசைவு இடைவெளி 30 நிமிடம். அவசரமானால் ஒத்திசைவைக் கையால் ஓட்டுங்கள், காத்திருக்காதீர்கள்.

டெராஃபார்ம் போன்ற கருவியில் அணுகலைக் கோடாக, அதாவது நிரலாக, எழுதி வைத்திருக்கும் இடங்களில், கன்சோலில் செய்த மாற்றத்துக்கு ஆயுள் குறைவு. அடுத்த முறை யாரோ ஒருவர் வேறு எதற்கோ அதன் அப்ளை கட்டளையை ஓட்டும்போது, "இங்கே ஒரு ரோல் குறைகிறதே" என்று கருவி திருப்பிச் சேர்த்துவிடும். அவசரத்துக்குக் கன்சோலில் எடுத்துவிட்டாலும், அதே நாளில் கோடிலிருந்தும் அந்த வரியை எடுத்துவிடுங்கள். கூகுள் கிளவுடுக்கான டெராஃபார்மில் இன்னொரு நுணுக்கம்: பைண்டிங் வகை வளம் அந்த ரோலின் முழு உறுப்பினர் பட்டியலையும் தானே ஆளும், மெம்பர் வகை ஒரு ஆளை மட்டும் ஆளும். எது என்று தெரியாமல் பைண்டிங்கில் கைவைத்தால், கோடில் இல்லாத மற்றவர்களின் அணுகலும் சேர்ந்து போய்விடும்.

கைவைக்கும் முன்

இப்போதைய நிலையை ஏற்றுமதி செய்து சேமித்துக்கொள்ளுங்கள். தவறாக எடுத்துவிட்டால் திரும்பக் கொடுக்க நினைவை நம்ப முடியாது.

இவர் கடைசி அட்மினா என்று பாருங்கள். உங்கள் சொந்த ரோலை நீங்களே எடுக்கப் போகிறீர்களா என்றும் பாருங்கள். குழுவிலிருந்து மொத்தமாகப் பலரை நீக்கும்போது அதில் நீங்களும் இருந்துவிடக் கூடும். எந்த அமைப்பிலும் அவசரகாலத்துக்கென்று தனியாகப் பூட்டி வைத்த இரண்டு அட்மின் கணக்குகள் இருப்பது நல்லது. குளோபல் அட்மின்கள் 5 பேருக்கும் குறைவாக இருக்கட்டும் என்பது மைக்ரோசாஃப்ட்டின் பரிந்துரை. அதையே எல்லா அமைப்புக்கும் அளவாக வைத்துக்கொள்ளலாம்.

பிறகு, அவர் பெயரில் என்ன ஓடிக்கொண்டிருக்கிறது? இரவு நேரத் தானியங்கி வேலைகள், அறிக்கை எடுக்கும் ஸ்கிரிப்ட், டிப்ளாய்மென்ட் பைப்லைன் ஆகியவை ஒரு தனிமனிதரின் கணக்கில் ஓடக் கூடாதுதான், ஆனால் ஓடும். அமேசானில் கடைசியாக எந்தச் சேவையைப் பயன்படுத்தினார் என்ற தகவல் 400 நாள் வரை கிடைக்கும். அதன் நடவடிக்கைப் பதிவான கிளவுட்டிரெயிலின் நிகழ்வு வரலாற்றில் 90 நாள் வரை பார்க்கலாம். மனித நேரத்துக்குப் பொருந்தாத முறையில், ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், ஒரே வகை அழைப்பு வந்திருந்தால் அது ஸ்கிரிப்ட். அதைச் சேவைக் கணக்கு (மனிதருக்கல்லாமல் நிரலுக்கான கணக்கு) ஒன்றுக்கு மாற்றிவிட்டு ரோலை எடுங்கள். கணக்கு களவு போனதாகச் சந்தேகம் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். ஸ்கிரிப்ட் நின்றால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நீக்கும்போது

கண்டுபிடித்த வழிகள் எல்லாவற்றையும் இப்போது அடையுங்கள். குழு வழியாக வந்தவற்றை முதலில், நேரடியாகக் கொடுத்தவற்றைப் பிறகு எடுப்பது சௌகரியம்; மிச்சம் என்ன என்பது பயனர் பக்கத்திலேயே தெரியும். சில குறிப்புகள் மட்டும்:

- கூகுள் கிளவுடில் ஒரே ரோல் நிபந்தனையோடு ஒரு தடவையும் நிபந்தனை இல்லாமல் ஒரு தடவையும் கொடுக்கப்பட்டிருக்கலாம். அவை தனித்தனி வரிகள். கட்டளை வரியில் நீக்கும்போது எந்த நிபந்தனை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் சரியான வரி போகும்.
- கூகுளில் முழுக் கொள்கைக் கோப்பையும் இறக்கித் திருத்தி ஏற்றுபவர்கள், அதில் உள்ள ஈடேக் வரியை அழிக்கக் கூடாது. இடையில் வேறொருவர் மாற்றியிருந்தால் அவர் மாற்றத்தை நீங்கள் மிதித்துவிடாமல் காப்பது அதுதான்.
- அமேசானில் கட்டளை வரி வழியாக ஒரு பயனரையே நீக்குவதானால், அணுகல் சாவிகள், கடவுச்சொல், எம்எஃப்ஏ (கூடுதல் சரிபார்ப்பு) சாதனம், குழு உறுப்பினர் நிலை, கொள்கைகள் அனைத்தையும் முன்னதாகக் களைய வேண்டும். இல்லையெனில் முரண்பாடு என்று பிழை வரும்.
- கன்டெய்னர்களை இயக்கும் குபர்னெட்டிஸின் ரோல் அமைப்பில் மறுப்பு விதி என்பதே கிடையாது. அனுமதிகள் கூடுமே தவிர ஒன்று இன்னொன்றை வெட்டாது. எனவே அந்தப் பயனரை ரோலோடு இணைக்கும் ரோல் பைண்டிங்கை எல்லா நேம்ஸ்பேஸிலும் (கிளஸ்டரின் உட்பிரிவுகள்), கிளஸ்டர் ரோல் பைண்டிங்கை கிளஸ்டர் மட்டத்திலும் தேட வேண்டும்.

மாற்றம் உடனே எங்கும் பரவிவிடும் என்று நினைக்க வேண்டாம். கூகுள் கிளவுடில் ஐஏஎம் மாற்றம் பொதுவாக 2 நிமிடத்தில் பரவும், சில சமயம் 7 நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். குழு உறுப்பினர் மாற்றத்துக்கு இன்னும் அதிகம் பிடிக்கலாம். அஷூர் ரோல் மாற்றத்துக்கு 10 நிமிடம் வரை ஆகலாம். அவசரத்தில் குழு வழியாக எடுப்பதோடு நிற்காமல் நேரடித் தடையும் போட வேண்டியிருப்பது இதனால்தான்.

கையில் இருக்கும் டோக்கன்

உள்ளே நுழைந்தபின் நுழைவுச்சீட்டை யாரும் மறுபடி கேட்காத அரங்கு போலத்தான் பல செயலிகள் நடந்துகொள்கின்றன. ஜேசன் வெப் டோக்கன் என்பது கையொப்பமிட்ட ஒரு சீட்டு. பயனர் யார், என்ன ரோல், எப்போது காலாவதி என்பதெல்லாம் அதிலேயே எழுதியிருக்கும். அதைப் பெறும் சேவை கையொப்பத்தையும் காலாவதியையும் மட்டும் சரிபார்க்கிறது. ரோல் இன்னும் இருக்கிறதா என்று வழங்கிய இடத்தில் போய்க் கேட்பதில்லை. ஆக, பழைய ரோல் எழுதிய டோக்கன் காலாவதியாகும் வரை செல்லும்.

எவ்வளவு நேரம் என்பது அமைப்புக்கு அமைப்பு மாறும். கீகுளோக்கில் அணுகல் டோக்கனின் இயல்பான ஆயுள் 5 நிமிடம். புதுப்பிப்பு டோக்கனைக் கொடுத்துப் புதிதாக வாங்கும்போது ரோல்கள் மறுபடி கணக்கிடப்படும் என்பதால், இயல்பு அமைப்பை மாற்றாத இடத்தில் 5 நிமிடத்தில் காரியம் முடிந்துவிடும். ஆனால் "அடிக்கடி லாகவுட் ஆகிறது" என்ற புகாரைச் சமாளிக்க அந்த 5-ஐ 480 ஆக்கி வைத்திருக்கும் ரெல்ம்களும் உண்டு. முதலில் அந்த எண்ணைப் பாருங்கள். என்ட்ராவில் அணுகல் டோக்கனுக்கு 60 முதல் 90 நிமிடம் வரை ஆயுள். தொடர் அணுகல் மதிப்பீடு என்ற வசதியை ஆதரிக்கும் செயலிகளில் டோக்கன் 28 மணி நேரம் வரைகூட நீளும். ஆனால் கணக்கை முடக்கினாலோ செஷனைத் திரும்பப் பெற்றாலோ அந்தச் செய்தி 15 நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்து டோக்கன் மறுக்கப்படும். அந்த வசதி இல்லாத செயலிகளில் பழைய கதைதான்.

செஷனைத் துண்டிக்க, கீகுளோக்கில் பயனரின் செஷன்கள் தாவலில் எல்லாவற்றிலிருந்தும் வெளியேற்றும் பொத்தான் இருக்கிறது. ஆஃப்லைன் செஷன்கள் (பயனர் இல்லாதபோதும் செயலிக்குச் செல்லுபவை) தனி. அவற்றின் இயல்பான செயலற்ற ஆயுள் 30 நாள் என்பதால் அவற்றை விட்டுவைப்பது பெரிய ஓட்டை. ரெல்ம் மட்டத்தில் "இந்த நேரத்துக்கு முன் வழங்கியது எதுவும் செல்லாது" என்று வைக்கும் வசதியும் உண்டு. அது அந்த ரெல்மின் எல்லாப் பயனர்களையும் பாதிக்கும். ஒருவருக்காக அதைத் தொட வேண்டாம். என்ட்ராவில் பயனர் பக்கத்தில் செஷன்களைத் திரும்பப் பெறும் பொத்தானை அழுத்தினால் புதுப்பிப்பு டோக்கன்கள் செல்லாமல் போகும். கையில் உள்ள அணுகல் டோக்கன் மட்டும் மேற்சொன்ன ஆயுள் வரை ஓடும்.

அமேசானில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு ரோலை ஏற்று எடுத்த தற்காலிகச் சாவியின் இயல்பான ஆயுள் 1 மணி நேரம்; ரோலின் அமைப்பில் அதை 12 மணி நேரம் வரை கூட்டலாம். கன்சோலில் ரோலைத் திறந்தால் செஷன்களைத் திரும்பப் பெறும் தாவல் இருக்கும். அதன் பொத்தான் எந்தச் சாவியையும் அழிப்பதில்லை. ரோலின் மேல் ஒரு இன்லைன் கொள்கையை ஒட்டுகிறது, அவ்வளவுதான்: குறிப்பிட்ட நேரத்துக்கு முன் வழங்கப்பட்ட டோக்கன் எது வந்தாலும் எல்லாச் செயலையும் மறு என்று. மறுப்பு எப்போதும் அனுமதியை வெல்லும் என்பதால் அந்தக் கொள்கை பரவியதும் பழைய சாவிகள் செத்துவிடும்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள். அந்த நேரத்துக்குப் பின் எடுக்கும் சாவிக்கு இந்த மறுப்பு பொருந்தாது. ஆகவே அவர் மறுபடி ரோலை ஏற்கும் வழியை, அதாவது ரோலின் நம்பிக்கைக் கொள்கையையோ அவருக்கு உள்ள ஏற்பு அனுமதியையோ, முதலில் அடைத்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும். வரிசை மாறினால் அவர் சற்று நேரத்தில் புதிய சாவியோடு திரும்பி வந்துவிடுவார். இரண்டாவது, அதே ரோலை ஏற்றிருக்கும் மற்றவர்கள், தானியங்கிகள் எல்லோருமே துண்டிக்கப்படுவார்கள். ஒருவரை மட்டும் வெட்ட வேண்டுமானால், ரோலின் அடையாள எண்ணையும் அவருடைய செஷன் பெயரையும் சேர்த்த பயனர் அடையாளத்தை நிபந்தனையாக வைத்து மறுப்புக் கொள்கையை நீங்களே எழுதலாம்.

ஐஏஎம் பயனரின் நிரந்தரச் சாவியை முடக்கினால் போதும் என்ற நம்பிக்கையும் தவறு. அந்தச் சாவியை வைத்து ஏற்கெனவே எடுத்த தற்காலிக செஷன் டோக்கன் இயல்பாக 12 மணி நேரம், கேட்டு வாங்கியிருந்தால் 36 மணி நேரம் வரை தன்பாட்டுக்கு ஓடும். பயனர் மேலேயே எல்லாவற்றையும் மறுக்கும் கொள்கையை ஒட்டினால்தான் அதுவும் நிற்கும்.

எஸ்ஏஎம்எல் (ஒரே உள்நுழைவுக்கான நெறிமுறை) வழியாக இணைத்த செயலிகளில் நிலைமை இன்னும் மோசம். உள்நுழையும் கணத்தில் ரோல் விவரத்தை வாங்கிக்கொண்டு, செயலி தன் சொந்தக் குக்கியைக் கொடுத்துவிடும். அதற்குப் பிறகு அடையாள வழங்குநரில் என்ன மாற்றினாலும் அடுத்த உள்நுழைவு வரை செயலிக்குத் தெரியாது. அப்படிப்பட்ட செயலிகளின் பட்டியலை முன்கூட்டியே வைத்திருங்கள். அவற்றுக்குள் தனியாகப் போய் செஷனைத் துண்டிக்க வேண்டும். ஸ்கிம் (பயனர் விவரங்களைச் செயலிகளுக்கு அனுப்பும் நெறிமுறை) வழியாகப் பயனரை முடக்கும் செய்தியை ஏற்கும் செயலியானால் வேலை தானாக நடக்கும். ஆனால் என்ட்ராவிலிருந்து அந்தச் செய்தி போகும் சுற்று பொதுவாக 20 முதல் 40 நிமிடம் என்பதை நினைவில் வையுங்கள்.

அவர் விட்டுச்சென்றவை

அட்மினாக இருந்த ஒருவர் தன் கணக்கைத் தொடாமலேயே உள்ளே வரக்கூடிய வழிகள் பல. அவரே உருவாக்கிய சேவைக் கணக்குச் சாவிகள், தனிப்பட்ட அணுகல் டோக்கன்கள், தொலைவிலிருந்து நுழைய சர்வர்களில் வைத்த எஸ்எஸ்எச் பொதுச் சாவிகள், செயலிப் பதிவுகளின் ரகசியங்கள், வெளிச் செயலிகளுக்கு அவர் கொடுத்த ஒப்புதல்கள், பலரும் பகிர்ந்துகொள்ளும் கடவுச்சொற்கள் ஆகியவற்றைத் தேடுங்கள். கூகுள் கிளவுடில், ஒரு சேவைக் கணக்கின் டோக்கனை உருவாக்கும் ரோல் அவரிடம் இருந்திருந்தால், அந்தச் சேவைக் கணக்கால் முடிந்த எல்லாமே அவராலும் முடியும். அவருடைய சொந்த ரோல்கள் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

குபர்னெட்டிஸ் சான்றிதழ்கள் தனி வகை. வழங்கிய கிளையன்ட் சான்றிதழை அங்கே ரத்துசெய்ய வழியில்லை. சாதாரணச் சான்றிதழானால் ரோல் பைண்டிங்கை எடுத்தாலே அதன் பல்லைப் பிடுங்கியதாகிவிடும். ஆனால் முழு அதிகாரம் கொண்ட சிஸ்டம் மாஸ்டர்ஸ் குழுவின் பெயரில் எடுத்த சான்றிதழுக்கு ரோல் சரிபார்ப்பே கிடையாது. அது காலாவதியாகும் வரை காத்திருக்க வேண்டும், இல்லையெனில் கிளஸ்டரின் சான்றிதழ் அதிகாரத்தையே மாற்ற வேண்டும். அந்தக் குழுவின் பெயரில் யாருக்கும் சான்றிதழ் கொடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

அவர் கடைசியாக யாருக்கெல்லாம் ரோல் கொடுத்தார் என்பதைத் தணிக்கை லாகில் தேடுங்கள். பிரிவு மாற்றத்துக்கு இது தேவைப்படாது. பிரச்சினையோடு போகிறவர் என்றால் இதை விடாதீர்கள்.

சரிபார்ப்பு

பட்டியலில் பெயர் இல்லை என்பது சரிபார்ப்பு ஆகாது. முன்பு முடிந்த ஒரு வேலை இப்போது மறுக்கப்படுகிறதா என்பதுதான் சோதனை. அமேசானில் பாலிசி சிமுலேட்டர், கூகுளில் பாலிசி டிரபிள்ஷூட்டர், குபர்னெட்டிஸில் அந்தப் பயனராக நின்று "என்னால் இது முடியுமா" என்று கேட்கும் கட்டளை ஆகியவை உதவும். கீகுளோக்கில் கிளையன்ட் ஸ்கோப் பகுதியில் மதிப்பிடும் தாவலுக்குப் போய்ப் பயனரைத் தேர்ந்தெடுத்தால், இப்போது அவருக்கு டோக்கன் வழங்கினால் அதில் என்ன ரோல்கள் இருக்கும் என்பதை அப்படியே காட்டும்.

சர்வர் திருப்பித் தரும் பதில் எண்ணைக் கவனியுங்கள். ரோலை மட்டும் எடுத்த பயனருக்கு 403 வர வேண்டும்: யார் என்று தெரிகிறது, அனுமதி இல்லை. 401 வந்தால் செஷன் போயிருக்கிறது என்று மட்டுமே பொருள். ரோல் போனதா என்பது அவர் மறுபடி உள்நுழைந்த பிறகுதான் தெரியும். 200 (வேலை நடந்தது) தொடர்ந்து வந்தால் பழைய டோக்கனா, செயலியின் கேஷா (தற்காலிகச் சேமிப்பு), விடுபட்ட குழுவா என்று அந்த வரிசையில் தேடுங்கள். முழுச் சோதனையையும் டோக்கன் ஆயுள் முடிந்தபின் ஒருமுறை, 24 மணி நேரம் கழித்து ஒருமுறை செய்தால், தானாகத் திரும்பி எழுதும் ஒத்திசைவுகளும் மாட்டிக்கொள்ளும்.

டிக்கெட்டில் நான்கு நேரங்களை எழுதுங்கள்: கோரிக்கை வந்தது, ரோலை எடுத்தது, செஷனைத் துண்டித்தது, மறுப்பை உறுதிசெய்தது. அட்டைப் பணப் பரிவர்த்தனைகளுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் தரத்தின் 4-ஆம் பதிப்பு, வேலையை விட்டவரின் அணுகல் உடனே எடுக்கப்பட வேண்டும் என்றும், பயன்பாட்டில் இல்லாத கணக்குகள் 90 நாளுக்குள் நீக்கப்படவோ முடக்கப்படவோ வேண்டும் என்றும் கேட்கிறது. தணிக்கையாளர் கேட்கும்போது இரண்டாவது நேரம் மட்டும் இருந்தால், நடுவில் என்ன நடந்தது என்று சொல்ல உங்களிடம் எதுவும் இருக்காது.

இந்த வேலையே குறைய வேண்டுமானால் ரோலைக் கொடுக்கும்போதே காலாவதியோடு கொடுங்கள். என்ட்ராவில் தகுதி நிலை ரோலைச் செயல்படுத்தும் நேரம் இயல்பாக 8 மணி; அதை 1 மணி வரை குறைக்கலாம். கூகுள் கிளவுடில் நேர நிபந்தனை வைத்துக் கொடுக்கலாம். நேரம் முடிந்ததும் அணுகல் நின்றுவிடும், ஆனால் அந்த வரி கொள்கையில் அப்படியே கிடக்கும். மாதத்துக்கு ஒருமுறை காலாவதியான வரிகளைத் தேடித் துடைக்க ஒரு சிறு ஸ்கிரிப்ட் வைத்துக்கொள்ளுங்கள்.